கண்ணு பட்ட சுவரு

பழங்காநத்தத்துல எங்க வீடு அந்தக் காலத்துச் செங்கச் சுவரு, சுண்ணாம்புப் பூச்சு. தெருப்பக்கம் பூச்சு உதிர ஆரம்பிச்சதும், "சுண்ணாம்பே வச்சுப் பூசுங்கண்ணே"ன்னு கான்ட்ராக்டர்கிட்ட தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்.

"இப்ப எவம்மா சுண்ணாம்பு பூசுறான்? சிமெண்ட்டுன்னா இரும்பு மாதிரி நிக்கும்"னு சொல்லிப் பூசிட்டுப் போயிட்டாரு.

ஒரு மழைக்கே சுவரு பூரி மாதிரி உப்பிருச்சு.

இன்னைக்குக் காலையில வந்தாரு. சுவரைத் தட்டிக்கூடப் பாக்கல.

"வேலையில குறையில்லம்மா. ஊர்க் கண்ணு பட்டுருச்சு."

"அண்ணே, சிமெண்ட்டைப் போட்டு அடைச்சதுல ஈரம் வெளிய போக வழியில்லாம உப்பியிருக்கு. கண்ணு என்ன பண்ணும்?"

"இம்புட்டு பேசுறீங்களே, பூசி முடிச்சதும் ஒரு திருஷ்டி பொம்மை மாட்டுனீங்களா?"

கேட்ட கையோட தெருமுக்குக் கடையில ஒரு பொம்மை வாங்கிட்டு வந்து, அவரே சுத்தியலை எடுத்தாரு.

ஆணியை ஓங்கி அடிச்சதுதான் தாமதம். உப்புன பூச்சு மொத்தமும் பாளமாப் பேந்து அவரு காலடியில விழுந்துச்சு. பொம்மையைத் திண்டுல வச்சிட்டு, "மதியம் வாரேம்மா"ன்னு வண்டியை எடுத்தவருதான். இப்ப போனை எடுக்க மாட்டேங்கிறாரு.

பொம்மை எங்கிட்டதான் இருக்கு. அந்தாளு வீடு எங்கேன்னு தெரிஞ்சா சொல்லுங்க மக்களே. நானே போய் ஆணி அடிச்சு மாட்டிட்டு வாரேன்.