ஊசிக்கு முன்னால் ஒரு கேள்வி

போன செவ்வாய்க்கிழமை, டெஸ்டோஸ்டிரோன் ஊசி எழுதுவதற்காகப் பேனாவைத் திறந்த டொக்டர் அப்படியே நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தார்.

அதற்கு முன்னால் கொஞ்சம் கதை இருக்கிறது. ஐந்து மாதத்தில் பதினொரு கிலோ குறைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் ஒருவன் மெலிந்தால் யாராவது பாராட்டுவார்களா? சண்டிலிப்பாய்ச் சந்தியில் மரக்கறி விற்பவர் கேட்டார்:

“என்ன தம்பி, சுகர் வந்திட்டுதோ?”

“இல்லை அண்ணை, ஜிம்முக்குப் போறன்.”

“உந்த வயசிலையோ? எதுக்கும் ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுங்கோ.”

உந்த வயசு — நாற்பத்தாறு. சோற்றைப் பாதியாக்கி, கிழமையில் நாலு நாள் இரும்பு தூக்கி... விடிய எழும்பும்போதே களைப்பு. வெயில் காலத்தில் வற்றிக் கிடக்கும் தொண்டைமானாற்றுக் களப்புப் போல உடம்பு. எங்கோ தண்ணீர் இருக்கிறது, கண்ணில்தான் படவில்லை.

“ஊசி போட்டா இருபத்தஞ்சு வயசு, அண்ணை!” என்றான் ஜிம் பயிற்சியாளன். இரண்டு தரம் காலையில் இரத்தம் கொடுத்தேன். இரண்டு தரமும் அந்த ஆண் ஹோர்மோன் அளவு குறைவு. அதுதான் மனைவி சுகந்தியோடு டொக்டரிடம் போனேன்.

“போட்டால் களைப்புக் குறையலாம்,” என்றார் அவர். “சாப்பாடு, நித்திரை காணாட்டிலும் உந்த அளவு குறையும், அதையும் பாக்கோணும். முதல் இதைச் சொல்லுங்கோ, பிள்ளையள் எத்தினை?”

“இல்லை, டொக்டர்.”

“இனி எண்ணம் இருக்கோ? இந்த ஊசியாலை விந்தணு குறைஞ்சுபோம். சிலருக்கு நிண்டே போம். ஊசியை விட்டாலும் திரும்பிவர மாசக்கணக்காகும். வராமலும் போகலாம்.”

கல்யாணமாகிப் பதினான்கு வருடம். கொழும்பு வரை அலைந்த வைத்தியம். கடைசி மூன்று வருடமாக வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. முடிந்துவிட்டது என்று நானே எடுத்துக்கொண்டேன். எதையாவது தூக்க வேண்டும் என்று கை கேட்டதோ என்னவோ... ஜிம்மில் சேர்ந்தேன்.

‘இல்லை’ என்று சொல்ல வாயெடுத்தேன்.

“ஓம் டொக்டர், இருக்கு,” என்றாள் பக்கத்துக் கதிரையில் இருந்த சுகந்தி. அவளுக்கு நாற்பது வயது.

“அப்ப ஊசி வேண்டாம். வேற வழி பாப்பம்,” என்றார் டொக்டர்.

வெளியே மோட்டார் சைக்கிளடியில் கேட்டேன்:

“நீர் விட்டிட்டீர் எண்டெல்லோ நினைச்சன்?”

“நான் எங்கை விட்டனான்?” ஹெல்மெட் பட்டியைப் பூட்டிக்கொண்டே சொன்னாள். “கதைச்சால் உங்கடை முகம் செத்துப்போம். அதாலை வாயை மூடினனான். நீங்கள் என்னடா எண்டால், கண்ணாடிக்கு முன்னாலை மசில் பாத்துக்கொண்டு நிண்டியள்!”

களைப்புப் போகவில்லை. இன்று காலை, வழக்கமான பாரத்தில் ஐந்து கிலோவைக் கழற்றிவிட்டுத்தான் தூக்கினேன். நாற்பதும் நாற்பத்தாறும் — பிள்ளை கிடைக்குமா? டொக்டர் வாக்குத் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒருவரிடம் ஆசை எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது எந்த ரிப்போர்ட்டிலும் வராது. பக்கத்துக் கதிரையில் இருப்பவரை வாய் திறந்துதான் கேட்க வேண்டும்.