நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு டாக்டரம்மா

புதன்கிழமை காலை ஐந்து மணிக்குத் திருவண்ணாமலை பஸ் நிலையத்திலிருந்து மெட்ராஸ் பஸ் கிளம்பியது. நானும் என் மனைவி கன்னியம்மாவும் ஏறினோம். எண்பத்து நாலாம் வருடம், தை மாதம், பல் கிட்டுகிற பனி. நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். ஆளுக்குப் பத்தொன்பது ரூபாய் டிக்கெட். எனக்குப் பழகிய வழிதான். மெட்ராஸில் ஒரு பம்பு கம்பெனியில் ஃபிட்டர் வேலை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையடியில் இருக்கும் அடி அண்ணாமலை கிராமத்து வீட்டுக்கு வந்து, மலையைச் சுற்றிவிட்டுத் திரும்புகிறவன். ஆனால் அன்றைக்குப் போன மாதிரி ஒரு பயணம் எந்தப் பகையாளிக்கும் வேண்டாம்.

கன்னியம்மாவுக்கு நாற்பத்தொன்பது வயது. மாதவிலக்கு நின்று மூன்று வருடம் கழித்து மறுபடி உதிரம் பட ஆரம்பித்தது. இரண்டு மாதமாக என்று என்னிடம் சொன்னாள். திருவண்ணாமலை லேடி டாக்டர் பரிசோதித்துவிட்டு, "கர்ப்பப்பையில கேன்சர் மாதிரி தெரியுது, அதுக்குன்னே இருக்கற டாக்டர்கிட்ட கூட்டினு போங்க" என்றார். வேலூருக்கு ஓடினோம். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அப்படிப்பட்ட டாக்டர் இருந்தார். என் தொழிலாளர் காப்பீட்டு அட்டையை நீட்டினேன். "இது இங்க செல்லாதுங்க" என்றார் குமாஸ்தா. மாதா மாதம் சம்பளத்தில் பிடிக்கத் தெரிகிறது, செல்லாத அட்டைக்கு எதற்கய்யா பிடிக்கிறார்கள் என்று கத்தினேன். அவர் என்ன செய்வார், பாவம்.

பிறகு கம்பெனிப் பக்கத்துக் காப்பீட்டு மருந்தகத்துக்குப் பத்து நாள் நடையாய் நடந்து ஒரு சீட்டு வாங்கினேன். இந்த அட்டைக்குப் பார்க்கிற புற்றுநோய் டாக்டரம்மா ஒரே ஒருவர்தானாம். மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் புதன்கிழமை மட்டும், பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை வருவார். தவறினால் அடுத்த புதன்.

ஐந்தரைக்குக் கீழ்பென்னாத்தூர். அதுவரை கன்னியம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். கண்டக்டருக்கே பொறுக்கவில்லை.

"இன்னாம்மா, இவ்ளோ சீட்டு காலியா கீது, நின்னுகினே வர்றியே?"

"பரவாயில்லப்பா."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "உக்காருமே! அஞ்சு மணி நேரம் இப்படியே வரப்போறியா?" என்றேன்.

அவள் குனிந்து என் காதருகே சொன்னாள்: "சீட்டு கெட்டுடுங்க."

மஞ்சள் பையிலிருந்து உரச்சாக்கின் பிளாஸ்டிக் உறையை எடுத்து விரித்து, அதன்மேல் பழைய புடவைத் துணியைப் போட்டு, நுனியில் உட்கார்ந்தாள். வீட்டிலிருந்தே மடித்து எடுத்து வந்திருக்கிறாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். செஞ்சிக் கோட்டை வந்தது, போனது. வேறு சமயமாக இருந்தால் அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவேன்.

திண்டிவனத்தில் பஸ் பத்து நிமிடம் நிற்கும். அவள் கழிப்பிடம் போய்த் திரும்ப இருபது நிமிடம் ஆனது. கண்டக்டர் ஒரு விசில் கூட ஊதவில்லை. அந்த மனிதன் நன்றாக இருக்க வேண்டும்.

பதினொன்றே காலுக்கு ஆஸ்பத்திரி. எங்களுக்கு முன்னால் முப்பது பெண்கள். பன்னிரண்டே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள். டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும், தடித்த கண்ணாடி. அட்டையைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். அப்பாடா என்றிருந்தது. இந்தக் கையெழுத்துக்குத்தானே இத்தனை அலைச்சல்! அவளை உள்ளே படுக்க வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு இருவரையும் உட்காரச் சொன்னார்.

"எவ்ளோ நாளா படுது?"

"ரெண்டு மாசமாங்க" என்று நான் முந்திக்கொண்டேன்.

"நீங்க இருங்க. அவங்க சொல்லட்டும்."

கன்னியம்மா சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "போன கார்த்திகை தீபத்துக்கு முந்தின தீபத்துலேர்ந்துங்க."

பதினாலு மாதம்.

"ஏம்மா வீட்ல சொல்லலை?"

"தீட்டு சமாச்சாரத்த ஆம்பளைகிட்ட இன்னான்னு சொல்றதுங்க? நின்னது திரும்பி வந்துக்குது, தானா நிக்கும்னு இருந்துட்டேன்."

"நின்னு போன பிறகு வர்றது தீட்டு இல்லம்மா. அது வியாதி" என்றார் டாக்டரம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். "பக்கத்துல பரவிடுச்சு. ஆபரேஷன் பண்ற கட்டம் தாண்டிப் போச்சு. கரண்ட் வெச்சுப் பாக்கலாம், கதிர்வீச்சு. திங்கக்கிழமை வந்து சேருங்க."

 பௌர்ணமிகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. ஊர்ப் பெண்களெல்லாம் மலை சுற்றக் கிளம்பும்போது, "கால் வலிக்குது, நீங்க போய்ட்டு வாங்க" என்பாள். சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன். வீட்டில் சாமி விளக்கை மருமகள் ஏற்றுவாள். இவள் வாசலிலேயே நிற்பாள். மருமகளை அதிகாரம் பண்ணுகிறாள் என்று கேலி வேறு பண்ணினேன். கண்ணிருந்தும் குருடன்.

அன்றிரவு கூடவே வேலை செய்கிற நண்பர் வீட்டில் தங்கி, வியாழன் காலை ஆறு மணி பஸ்ஸில் திரும்பினோம். கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் மலை தெரிந்தது. பஸ்ஸில் எல்லோரும் கும்பிட்டார்கள். கன்னியம்மாவின் கைகள் மடியிலேயே இருந்தன. என் பக்கம் திரும்பிக் கேட்டாள்:

"ஏங்க, அந்த டாக்டரம்மா வியாதின்னுதான சொன்னாங்க? தீட்டு இல்லன்னாங்களே?"

"ஆமா."

"அப்போ இத்தினி நாளும் நான் கோயிலுக்குப் போயிருக்கலாமா?"

 பிழைப்பேனா என்று கேட்டிருந்தால்கூட ஏதாவது பொய் சொல்லியிருப்பேன். "எறங்கினதும் நேரா கோயிலுக்குப் போலாம்" என்றேன்.

பதினொன்றரைக்குத் திருவண்ணாமலை. ஜட்காக்காரர் கோயிலுக்கு இரண்டு ரூபாய் கேட்டார். பேரம் பேசத் தோன்றவில்லை. மெட்ராஸ் நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். அடி அண்ணாமலையிலிருந்து இந்தக் கோபுர வாசல் ஏழு கிலோமீட்டர் கூட இருக்காது. அந்தத் தூரத்துக்குச் சீட்டு, அட்டை, டாக்டர் எல்லாம் தேடிப் பிடித்தேன். இந்த ஏழு கிலோமீட்டரை அவள் பதினாலு மாதம் நடக்கவில்லை என்பது எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை சேர்த்தோம். கரண்ட் வைத்தார்கள். அடுத்த தீபத்துக்கு அவள் இல்லை.

ஆனால் அந்த வியாழக்கிழமை கோபுர வாசலில் பழக்கத்தில் நின்றுவிட்டாள். புடவையைப் பின்பக்கம் இழுத்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். பிரகாரத்தை ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று. மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். முகம் வெளுத்துவிட்டது, மூச்சு வாங்குகிறது.

"போதும்மே, நடை சாத்தப் போறாங்க, வா."

"இருங்க" என்றாள், நிற்காமல். "எனக்கு இன்னும் பாக்கி கீது."