பின்னாடி எரியுதா, ரோசு?

அக்கா போன் செய்தபோது குக்கரில் அரிசியைப் போட்டுக்கொண்டிருந்தேன். "அவரு போயிட்டாரு ரோசு" என்றாள். "எங்கே?" என்று கேட்டுவிட்டேன். முந்தின நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னிடம் பேசிய மனிதர். அந்த வார்த்தைக்கு வேறு ஏதோ அர்த்தம் இருக்கும் என்று மூளை அடம்பிடித்தது. அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் அணைத்தார்கள்.

என் அக்கா கணவர் இருதயராஜ் மாமாவை, அவருக்காக இங்கே கூடியிருக்கும் உங்களில் பலருக்குக் கோலார் தங்கவயலிலேயே தெரியும். சுரங்கத்தில் ஷிப்டுக்கு இறங்குமுன் லாம்ப் ரூம் ஜன்னலில் நீங்கள் டோக்கனை நீட்ட, தொப்பி விளக்கையும் இடுப்பில் கட்டும் பேட்டரியையும் எடுத்துக் கொடுத்தவர். "நான் குடுத்த லைட்டு கீழ போயி அணைஞ்சுதுன்னு ஒருத்தன் சொல்லட்டும் பாக்கலாம்" என்று அவர் மீசையைத் தடவிக்கொள்வதையும் பார்த்திருப்பீர்கள். ஆனால் சுரங்கம் மூடியபின் பெங்களூரில் அவர் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. அவர் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். அதனால் நான் சொல்கிறேன்.

ஆஸ்டின் டவுனில் எங்கள் அம்மா வீட்டுக்கு அவர் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தார். அக்காவும் குழந்தையும் தங்கவயல் குவார்ட்டர்ஸிலேயே இருந்தார்கள். மாமியார் வீட்டில் தங்கும் ஆண்பிள்ளையின் நடையே மாறிவிடுகிறது. குளிக்கும்போது குழாய்ச் சத்தம்கூடக் கேட்காது. அம்மா, "இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்க மாப்ளே" என்றால், பசியோடு, "போதுங்க அத்தே" என்று எழுந்துவிடுவார். தங்கவயலில் என் ஜடையைப் பிடித்து இழுத்துக் கிண்டல் செய்த மாமாவா இவர் என்று எனக்கு எரிச்சலாகக்கூட வரும்.

எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் பேரிங், பெல்ட் என்று வாங்கிப் பீன்யா பேக்டரிகளில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை ஒன்று கிடைத்தது. சொந்த வண்டி இருக்க வேண்டும். தன் தம்பியின் பழைய மோட்டார் சைக்கிளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு வேலையை நிரந்தரம் செய்வதாக முதலாளி சொல்லியிருந்தார். நிரந்தரமானால் ஒரு வீடு பிடித்து அக்காவை அழைத்து வரலாம். இல்லாவிட்டால் ஆளுக்கு ஓர் ஊரில் கிடக்க வேண்டியதுதான்.

அந்த வண்டி பேட்டரி செத்தால் எஞ்சினும் செத்துவிடும் ரகம். முதல் வாரத்திலேயே யஷ்வந்த்பூர் மேம்பாலத்தில் நின்றது. மாமா சிரித்தார். பேட்டரிதானே, அவர் கையில் பிறந்து வளர்ந்தது மாதிரி. மூடிகளைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினார். முனைகளைச் சோடா உப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவி வாசலின் தடவினார். கண்ணாடிக் குழாயில் ஆசிட்டை உறிஞ்சி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "தங்கமா இருக்கு" என்றார். வீட்டிலேயே சார்ஜ் போட்டு மாட்டிக்கொண்டு போனார். மறுபடியும் நின்றது. புதுப் பேட்டரி வாங்கினார். அதுவும் இறங்கியது. கழற்றி இரண்டு நாள் எங்கள் அலமாரியில் மாதா படத்துக்குக் கீழே வைத்திருந்தார். அங்கே மட்டும் சார்ஜ் ஒரு துளி குறையவில்லை.

வண்டியில்தான் ஏதோ தின்கிறது என்று நீலசந்திராவிலிருந்த மெக்கானிக் ரஃபீக் பாயிடம் தள்ளிக்கொண்டு போனார். அவர் வயர்களையெல்லாம் பிரித்துப் பார்த்தார். சார்ஜ் கொடுக்கும் காயிலை மாற்றினார். தானே ஓட்டிக்கொண்டு அல்சூர் ஏரியைச் சுற்றிவிட்டு வந்து, "வண்டி பக்கா இருக்கு பாய். எனக்கு நிக்கலியே" என்று சாவியைக் கொடுத்தார். மறுநாள் மாமாவுக்கு நின்றது. மூட்டையோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் பீன்யா போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒரு மெஷின் பெல்ட்டுக்காகக் காத்துக் கிடந்தது. முதலாளி திட்டவில்லை. "ஆகல்லப்பா ராஜு, சரிப்படாது. இன்னொரு தடவை நின்னா நான் வேற ஆள் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னாராம்.

அன்று மாமா சமையலறை வாசலில் பேட்டரியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா மார்க்கெட் போயிருந்தாள். "ஒரு ஷிப்டுக்கே லைட்டு குடுத்தவன் நான். ஒத்த பேட்டரி எங்கிட்ட நிக்க மாட்டேங்குது" என்றார். பிறகு, "சார்ஜ் நிக்காதது இதுல இல்ல ரோசு. எனக்குத்தான் இந்த ஊர்ல சார்ஜ் நிக்கல" என்று சொல்லி அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அக்காவுக்கு என்ன பதில் சொல்லப்போகிறோம் என்றுதான் எனக்கு ஓடியது. காப்பி போட்டுக் கொடுத்தேன், அதுவும் ஆறிப்போனது.

நான் அப்போது பீன்யாவில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டு கிடைத்தது. யஷ்வந்த்பூர் தாண்டியதும் எங்களுக்கு முன்னால் மாமாவின் வண்டி, பின் சீட்டில் பெட்டி கட்டி, ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது. நின்றுவிடக் கூடாது மாதாவே என்று அந்த வண்டியையே பார்த்துக்கொண்டு வந்தேன். அதன் பிரேக் லைட் எரிந்தது. சரி, பிரேக் போடுகிறார். கொரகுண்டெபாளையம் வந்தது, எரிந்தது. காலியான ரோட்டில் போகும்போதும் எரிந்தது. பீன்யா திருப்பம் வரைக்கும் அந்தச் சிவப்பு அணையவே இல்லை.

சாயங்காலம் அம்மாவுக்குக் கேட்காமல் மாமாவிடம் வாசலில் வைத்துச் சொன்னேன். "ஸ்விட்ச் கெட்டிருக்கும்" என்றார். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திச் சாவியைத் திருப்பினோம். விளக்கு எரியவில்லை. பிரேக்கை அமுக்கினால் எரிந்தது, விட்டதும் அணைந்தது. எல்லாம் ஒழுங்காக இருந்தது. "ஏறி உக்காருங்க மாமா, எப்பவும் ஓட்டற மாதிரி" என்றேன். சுரங்கத்தில் கொடுத்த அந்தக் கனமான பூட்ஸோடு ஏறி உட்கார்ந்தார். பின்னால் சிவப்பாக எரிந்தது.

"இப்ப எரியுது மாமா."

"நான் அமுக்கலியே."

"நீங்க அமுக்கல. உங்க கால் அமுக்குது."

அவர் குனிந்து தன் வலது காலை யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு, "பயமா இருக்கு ரோசு. லாரியும் பஸ்ஸும் மேலயே வர்ற மாதிரி இருக்கு. காலு தானா போயி அதுமேல உக்காந்துக்குது" என்றார். நெரிசலில் ஊர்ந்துபோகும் வண்டி பேட்டரிக்குச் சேர்த்துக் கொடுத்ததையெல்லாம் பிரேக் பிடிக்காத அந்த லேசான அழுத்தத்துக்கே எரிந்த பல்பு நாள் முழுக்கத் தின்றிருக்கிறது. ரஃபீக் பாய்க்குப் பயமில்லை, அதனால் அவருக்கு நிற்கவில்லை. பயத்தை எந்த மெக்கானிக் கழற்றிப் பார்ப்பான்?

"காலை எடுங்க மாமா. நான் பின்னாடிதான் பஸ்ல வருவேன்" என்றேன். அன்றிலிருந்து எங்கள் பஸ் வரும் நேரத்துக்கு யஷ்வந்த்பூரில் காத்திருந்து முன்னால் போவார். சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் கேட்பார்: "பின்னாடி எரிஞ்சுதா, ரோசு?" எரிந்த நாளில் எரிந்தது என்பேன். "கிறிஸ்துமஸ் ஸ்டார் மாதிரி எரிஞ்சுது மாமா" என்று ஓட்டுவேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பு குறைந்தது. பேட்டரியில் சார்ஜ் நின்றது, வேலையும் நிரந்தரமானது. அக்கா வந்தாள். தனி வீட்டில் அவர் சத்தமாகக் குழாயைத் திறந்து குளித்ததை அவள் சொல்லிச் சிரித்தாள். பிறகு அந்தக் கேள்வி எங்களுக்குள் வேடிக்கையாகிவிட்டது. புது வேலைக்கு நான் பயந்தபோது, "என்னம்மா, பின்னாடி எரியுதே" என்பார்.

அந்தக் கடைசிச் சாயங்காலம் அவருக்கு மூச்சு கிடைக்கவில்லை. நுரையீரல் கைவிட்டுவிட்டது என்று டாக்டர் வெளியே வைத்துச் சொன்னார். அக்கா மருந்து வாங்கப் போயிருந்தாள். அவருடைய வலது கால் கட்டிலின் இரும்புக் கம்பியை அழுத்திக்கொண்டிருந்தது. பாதத்தைக் கையில் பிடித்தேன், கல்லாக இருந்தது. மாஸ்க்கை விலக்கிக்கொண்டு, "பின்னாடி எரியுதா, ரோசு?" என்றார். கண்ணில் விளையாட்டு இல்லை.

"எரியல மாமா. நல்லாத்தான் போறீங்க" என்றேன்.

பொய். கையில் பிடித்திருந்தேனே, எனக்குத் தெரியாதா? கொஞ்ச நேரத்தில் அந்தக் கால் தளர்ந்தது. மருந்தால் தளர்ந்ததா, என் பேச்சை நம்பித் தளர்ந்ததா என்று யாரைக் கேட்பது? டாக்டரைக் கேட்கலாம். பயமாக இருக்கிறது.

வண்டியை அவரே எப்போதோ விற்றுவிட்டார். பூட்ஸ் அக்காவிடம் இருக்கிறது. எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்வி. நீங்க போனதிலிருந்து என் கால் எதையோ அழுத்திக்கொண்டே இருக்கிறது மாமா. பின்னால் வந்து பார்த்துச் சொல்ல ஆள் இல்லை.