கழுவிக் கவிழ்த்த கிண்ணம்

ஞாயிற்றுக்கிழமைகளில் போதகருக்குக் கார் ஓட்டுவது நான்தான். எனக்குப் பக்தியெல்லாம் கிடையாது. கூப்பிடுகிறார், ஓட்டுகிறேன், அவ்வளவுதான்.

சொந்தப் போதகர் இல்லாத மூன்று கிராமக் கோயில்களுக்கு மாதம் ஒருமுறை போய் ஆராதனை நடத்திவிட்டு வருவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டார். வெள்ளை அங்கியைத் தானே துவைத்து, தானே இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் பின் இருக்கையில் கிடத்துவார். அங்கிக்குத்தான் அந்த இடம். அவர் முன்னால் என் பக்கத்தில் ஒடுங்கிக்கொள்வார். முறை என்றால் அவருக்கு உயிர். ஒரு பொத்தான் விட்டுப்போனால்கூடப் பிரசங்கம் ஓடாது.

அந்த முறைகளில் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். திருவிருந்தில் ஜெபித்துக் கொடுக்கும் அப்பமும் திராட்சரசமும் மிஞ்சினால் கொட்டக் கூடாது. போதகரே சாப்பிட்டு, குடித்து, கிண்ணத்தைக் கழுவிய தண்ணீரையும் குடித்துவிட வேண்டும். படுக்கையில் கிடப்பவர்களுக்காக எடுத்துவைப்பதற்கு மட்டும் விலக்கு உண்டு. அதற்கென்று ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் விரல் நீளத்தில் ஒரு புட்டி. இவரோ தட்டில் ஒட்டிய துணுக்கைக்கூட ஈர விரலால் ஒற்றி வாயில் போட்டுக்கொள்பவர்.

அன்று மூன்றாவது ஊரில் ஒரு கொத்தனார் சாகக் கிடந்தார். அந்த ஊர்க் கோயில் சுவரை எழுப்பியவரே அவர்தான். சுவரில் விரிசல் விட்டபோது, சிமென்டில் கைவைத்துவிட்டான் என்று சபை கூடி ஏசியிருக்கிறது. “இனிமே உங்க பந்தியில கை நனைச்சா நான் மனுஷனே இல்ல” என்று கிளம்பிப் போனவர், தலை முழுக்க நரைத்த பிறகும் திரும்பவில்லை. இப்போது அந்த வீறாப்பெல்லாம் எங்கே போனதோ, ஒரு துண்டு அப்பத்துக்குத் தவித்துக்கொண்டிருந்தார். வழியில் போதகர் என்னிடம் சொன்னார்.

“நேத்து அவர் சம்சாரம் போன்ல ஒரே அழுகை தம்பி. அதை வாங்காம செத்தா கடவுளும் வெளியவே நிறுத்திடுவாரோன்னு பயப்படுறாராம். அந்த ஊருக்குப் போனதும் முதல்ல அவங்க வீட்டுக்கு விடு. கோயில் அப்புறம்.”

முதல் கோயிலிலேயே கொத்தனாருக்கான பங்கைப் பெட்டியில் எடுத்து வைத்தார். இரண்டாவது ஊரில் நல்ல மழை; கோயிலில் பாதி பெஞ்சு காலி. அப்பமும் ரசமும் நிறைய மிஞ்சிவிட்டன. ஆராதனை முடிந்து, உள்ளறையில் நின்றபடியே எல்லாவற்றையும் சாப்பிட ஆரம்பித்தார். சபைப் பெரியவர் ஒருவர் கூரை ஒழுகுவதைப் பற்றி அவர் காதைத் துளைத்துக்கொண்டிருந்தார். “சரிங்க, சரிங்க” என்று தலையாட்டிக்கொண்டே போதகர் தட்டை ஒற்றினார், கிண்ணத்தைக் கழுவிக் குடித்துக் கவிழ்த்தார், புட்டியைக் கழுவித் துணியால் துடைத்தார். நான் கதவருகில் கார்ச் சாவியை வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கென்ன தெரியும், எது எந்தப் புட்டி என்று?

கொத்தனார் வீட்டில் ஒரே அறை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். போதகர் ஜெபம் சொல்லச் சொல்ல, கொத்தனார் கண்ணை மூடி வாயைத் திறந்துகொண்டார். போதகர் பெட்டியைத் திறந்தார். அப்பமும் இல்லை, புட்டியில் ரசமும் இல்லை; துடைத்துவைத்த மாதிரி இருந்தது.

“கை மறதியா நானே சாப்பிட்டுட்டேம்மா” என்றார். கொத்தனாரின் வாய் திறந்தபடியே இருந்தது.

அந்த அம்மா அடுப்படிக்கு ஓடி ஒரு தட்டில் ரொட்டி கொண்டுவந்தார். “வீட்டு ரொட்டிய்யா. இதை வச்சு ஜெபம் பண்ணிக் குடுங்க.”

“ரசம் இல்லாம எப்படிம்மா? இந்த ஊர்க் கோயில்லயும் தீர்ந்துபோச்சு, முந்தின ஊர்லதான் இருக்கு. முறைன்னு ஒண்ணு இருக்கே. இதோ, போன வேகத்துல வந்துடுறேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட, ரொட்டி ரொட்டிதானே! ஆனால் டிரைவர் பேச்சு எந்தச் சபையில் ஏறும்? காரைத் திருப்பினேன். இரண்டாவது ஊரில் கோயில் பூட்டிக் கிடந்தது. அலமாரிச் சாவி வைத்திருந்த அதே பெரியவரைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்து, அப்பமும் ரசமும் எடுத்துக்கொண்டு, சேறு வாரியடிக்கத் திரும்பினோம். போதகர் புட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

தெருமுனையிலேயே அழுகைச் சத்தம் கேட்டது.

அந்த அம்மா மட்டும் அழாமல் வாசலில் நின்றார். கையில் அதே தட்டு, அதே ரொட்டி.

“கடைசி வரைக்கும் வாயை மூடல ஐயா,” என்றார். “ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இதைக் குடுத்திருந்தா ஆகியிருக்காதா?”

ஒரே ஒரு பொய் போதும். ‘ஆகாதும்மா, என்னால ஒண்ணும் செய்ய முடியல’ என்று சொல்லியிருந்தால் அந்த அம்மாவுக்கும் ஆறுதல், இவருக்கும் தப்பிக்க வழி. சொல்லிவிட மாட்டாரா என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன். கடவுளை நம்பாத நான் என் வாழ்க்கையில் வேண்டிக்கொண்டது என்றால் அது ஒன்றுதான்.

போதகர் தலை குனிந்தார்.

“ஆகியிருக்கும்மா. மனசிருந்தாப் போதும். முறை தப்பிடுமோன்னு நான்தான் பயந்துட்டேன்.”

அந்த அம்மா ஏசவில்லை. வாசலை விட்டு ஒதுங்கி வழிவிட்டார்.

“அப்ப உள்ள வாங்க. அதை அவர்கிட்டயே சொல்லுங்க.”

போதகர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கட்டிலோரம் மண்டியிட்டு, அந்தத் திறந்த வாய்க்கு அருகே குனிந்து, அதைச் சொன்னார். பதில் வேண்டும் என்பதுபோல் மறுபடியும் சொன்னார்.