காற்றுக்கு ஏற்றிய முறுக்கு

"வெகுதானிய வருஷம் வைகாசி 19. பிற்பகல் மூன்றே முக்கால். நல்ல வெயில். மூன்று மூட்டைச் சோளத்துடன் ஏற்றத்தில் ஆறு நிமிஷம் பத்து வினாடி. நடுவில் ஒரு முறை நின்றது."

என் நாட்குறிப்பில் உள்ள வரி இது. ஆங்கிலக் கணக்கில் 1938. ஏற்றம் என்றது திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி ரயிலடிக்குப் போகும் சாலையில் இரண்டு மைல்கற்களுக்கு நடுவே உள்ள மேட்டை. நின்ற வண்டி என் மாப்பிள்ளையுடையது, அதாவது தங்கை கணவருடையது. மூட்டைகள் மூன்று ஆட்களுக்கு ஈடாக ஏற்றப்பட்டவை.

அவர் தறிக்காரக் குடும்பம். வீட்டில் இருந்த மூன்று தறிகளில் ஒன்று அவருடையது. ஏற்காட்டுத் தோட்டத்துத் துரை ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன பழைய அமெரிக்கக் காரை வாங்கி வந்து, நெய்யும்போது காலைத் தொங்கவிட்டு உட்காரும் தன் தறிக்குழியின்மேல் பலகை போட்டு மூடி, அதன்மேல் டயரும் ஸ்பானரும் எண்ணெய் டின்னும் அடுக்கிவிட்டார். அவருடைய தகப்பனார் அதிகம் பேசாதவர். பலகையைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார்: ஆனி முடிவதற்குள் வண்டிக்கு நிலையான வேலை கிடைக்காவிட்டால் பலகையை எடுத்துவிட்டு மறுபடி தறியில் உட்கார வேண்டும்.

நிலையான வேலை தரக்கூடியவர் ஊரில் ஒருவர்தான் இருந்தார். சேலை மொத்த வியாபாரி. வாரத்தில் நான்கு நாள் சங்ககிரியில் காலை ரயிலைப் பிடிப்பவர். பருத்த உடம்பு, முழங்கால் வலி. முதல் தடவை ஏறியபோது வண்டி மேட்டின் பாதியில் திணறி நின்றது. அவரும் அவருடைய ஆட்கள் இருவரும் இறங்கி நடந்தார்கள். ரயில் போய்விட்டது. ஆனிக் கடைசியில் இன்னொரு தடவை பார்ப்பதாகச் சொன்னார். அதற்குள் ஈரோட்டிலிருந்து வேறு வண்டி வரச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார்.

அந்த நாட்களில் எங்கள் பக்கத்து வாடகை வண்டிக்காரர்களிடம் கைமருந்துகள் நிறைய இருந்தன. பெட்ரோலில் கற்பூரத்தைக் கரைத்து ஊற்றியவரைப் பார்த்திருக்கிறேன். புகைக்குழாயில் துளை போட்டவரின் வண்டி பக்கத்து ஊர் வரைக்கும் கேட்டது. சத்தம் கூடியதை அவர் வேகம் கூடியதாக எடுத்துக்கொண்டார். என் மாப்பிள்ளை இவற்றை மதிக்கவில்லை. அவருடைய யோசனை தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் பாவு நூலிலிருந்து வந்தது.

"ஏனுங்க மச்சான், முறுக்கில்லாத நூல் பாவுல நிக்குமுங்களா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"நிக்காது."

"முறுக்கு ஏத்துனா அதே பஞ்சுதானுங்க வலுவா நிக்குது. எஞ்சினுக்குள்ள போற காத்து இப்ப பஞ்சாட்டம் போகுது. அதையும் முறுக்கி உட்டா?"

நான் பள்ளி ஆசிரியன். சேலத்திலிருந்து வரும் பழைய மோட்டார் பத்திரிகைகளைப் படித்தவன். போகும் வழியில் தடுப்பு வைத்தால் காற்றுக் குறையும் என்று சொன்னேன்.

"அச்சுப் புஸ்தகம் ஏத்தத்துல வண்டி தள்ளிச்சுங்களா?" என்றார்.

மண்ணெண்ணெய் டின் தகரத்தை வட்டமாக வெட்டி, நான்கு இதழ்களாகக் கீறி, ஒவ்வொன்றையும் சாய்த்து மடித்தார். ராட்டினத்தில் நூல் சுற்றும் திசையிலேயே இதழ்கள் சாய வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். அதைக் கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்குப் போகும் குழாய்க்கும் நடுவே, காற்று ஒழுகாமல் இருக்கப் போடும் அட்டையோடு சேர்த்து வைத்து முடுக்கினார். முதலில் வெட்டியது அளவு தவறிப்போனது, இரண்டாவதுதான் பொருந்தியது. இதைக் குறித்து வைத்ததற்கு அப்போது காரணம் எதுவும் இல்லை. எல்லாவற்றையும் குறிப்பேன், அவ்வளவுதான்.

"ஆனி 20. காலை ஆறு மணி. இரவில் மழை. அதே மூட்டைகள். நான்கு நிமிஷம் இருபது வினாடி. நிற்கவில்லை. முறுக்குத் தகரத்தின் பலன்."

மேட்டின் உச்சியில் வண்டியை நிறுத்தி, என் கடிகாரத்தை அவரே வாங்கிப் பார்த்தார். பிறகு மூட்டைகளைப் பார்த்து, "எறங்குங்க சாமி, ரயிலடி வந்துருச்சு" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டே ஓட்டினார். அது அவருக்கு வழக்கமில்லை.

அன்று மதியம் தங்கை எனக்குச் சோறு போட்டுக்கொண்டே குறைபட்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் காத்தை முறுக்குங்க. நான் கரி கூட்டறேன். ஒரு மொறம் கரிங்ணா. பலகையில சொரண்டிப் போட்டது காத்துல பறந்து, எங்க மாமனாரு போட்டிருந்த வெள்ளைப் பாவெல்லாம் கருத்துப் போச்சு."

"எந்தக் கரி?"

"எஞ்சினுக்குள்ள இருந்ததுதான். மூடியைக் கழட்டி ஒரு அரை நாள் சொரண்டுனாரு."

"என்றைக்கு?"

"மழை பேஞ்சதுக்கு மொத நாள். தகரத்தை வெக்கறதுக்கு முன்னாடி."

நான் எழுந்து கை கழுவிக்கொண்டு நாட்குறிப்பை எடுத்தேன். கடைசி மூன்று சொற்களின்மேல் ஒரு கோடு இழுத்தேன். வைகாசியில் பார்த்தது வெயில் கொளுத்திய பிற்பகல். ஆனியில் பார்த்தது மழைக்குப் பிந்திய குளிர்ந்த காலை. அப்போது எஞ்சினுக்குள் பல வருஷக் கரி இருந்தது, இப்போது இல்லை. அப்போது தகரம் இல்லை, இப்போது இருந்தது. மூன்று விஷயங்கள் ஒரே சமயத்தில் மாறியிருக்க, நான் ஒன்றின் பெயரை மட்டும் எழுதிவிட்டேன். பையன்களுக்குப் பௌதிகம் கற்பிப்பவன் செய்யக்கூடாத தவறு.

மாலையில் மாப்பிள்ளையிடம் கேட்டேன்.

"அது சும்மா அழுக்குங்க. கையோட தொடச்சு உட்டேன்."

"தகரத்தை எடுத்துவிட்டு ஒரு தடவை ஏறிப் பார்ப்போம். அதே நேரம், அதே மூட்டை. அப்புறம் மறுபடியும் வைத்து ஒரு தடவை."

"எதுக்குங்க?"

"எது வேலை செய்தது என்று தெரியும்."

"ஏறிச்சுங்களா இல்லீங்களா? ஏறிச்சு. ஓடற வண்டியைக் கழட்டி, நடுவுல இருக்கற அட்டை கிழிஞ்சு, காத்து ஒழுகுச்சுன்னா வேண்டாத வம்புங்க. நாளு எத்தனை இருக்குது?"

பத்து நாள்கூட முழுசாக இல்லை. அவர் கண் பலகைமேல் போய் வந்தது. அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. என் தங்கையின் வீடு அது. உண்மை தெரிந்து வண்டி நின்றுவிடுவதைவிட, தெரியாமல் ஓடுவது மேல் என்று அன்று எனக்குப் பட்டது. ஆனால் இரவில் படுக்கும்போது அது உறுத்தியது. தகரம் காற்றைத் தடுக்கிறது என்றால், முழு பாரத்தோடு ஏறும்போது அதுவே வண்டியை நிறுத்திவிடலாம். அதையும் மறுநாள் காலை அவரிடம் சொன்னேன். அவர் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

ஆனி 29 விடியற்காலை வியாபாரி தம் ஆட்கள் இருவருடனும் சேலை மூட்டையுடனும் வந்து ஏறினார். நான் முன்னால் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மைல்கல் நெருங்கியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"எந்த எடத்துலப்பா எறங்கோணும்? இப்பவே செருப்பை மாட்டிக்கறேன்."

"ரயிலடியிலதானுங்க" என்றார் மாப்பிள்ளை.

"ரயிலடி நம்ம பக்கம் நடந்து வருதா?"

ஆட்கள் சிரித்தார்கள். வண்டி மேட்டில் ஏறத் தொடங்கியது. பாதியில், போன தடவை நின்ற புளியமரத்தருகே, சத்தம் தாழ்ந்தது. மாப்பிள்ளை கியரை இறக்கினார். கடிகாரத்தைப் பார்க்க மறந்துபோனேன். சத்தம் மறுபடியும் எழுந்தது. இரண்டாவது மைல்கல் வந்தது, பின்னால் போனது.

ரயிலடியில் வியாபாரி இறங்கி, முழங்காலைத் தடவிக்கொண்டு, "நாளன்னிக்கும் இதே நேரத்துக்கு வந்துரு" என்றார். பிறகு, "செருப்பு தேயலை" என்றும் சொன்னார்.

தறிக்குழியின்மேல் போட்ட பலகை அப்படியே இருந்தது. ஈரோட்டு வண்டி வரவில்லை. மாப்பிள்ளை கேட்டவர்களுக்கெல்லாம் காற்று முறுக்கைப் பற்றிச் சொன்னார். ராசிபுரத்திலும் குமாரபாளையத்திலும் சிலர் தகரம் வெட்டிப் போட்டுப் பார்த்ததாகக் கேள்வி. அவர்களில் யாராவது கரியையும் சுரண்டினார்களா என்று விசாரித்தேன். ஒருவரும் நினைவாகச் சொல்லவில்லை.

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனது. 1942இல் வண்டியின் பின்னால் கரி அடுப்பைப் பொருத்தி, கரி வாயுவில் ஓட்டுவதற்காகச் சேலத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். மிஸ்திரி குழாயைக் கழற்றும்போது நான் பக்கத்தில் நின்றேன். உள்ளே தகரம் இல்லை.

உடைந்து எஞ்சினுக்குள் போயிருக்குமா என்று கேட்டேன். போயிருந்தால் சிலிண்டரில் கீறல் இருக்கும், அப்படி ஒன்றும் இல்லை என்றார். குழாய்க்கு நடுவே உள்ள அட்டையைக் காட்டி, இந்த இடம் ஒரு தடவைக்கு மேல் கழற்றப்பட்டிருக்கிறது என்றும் சொன்னார்.

மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எப்ப இல்லாமப் போச்சுன்னு நீங்கதானுங்க மச்சான் எழுதி வெச்சிருக்கோணும்" என்றார்.

ஊர் திரும்பியதும் தங்கையைக் கேட்டேன். ஆணி டப்பாவில் நாலு இதழ்த் தகரம் ஒன்று கிடக்கிறது என்று எடுத்துவந்து கொடுத்தாள். எப்போதிருந்து கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் வெட்டியவை இரண்டு. இது அளவு தவறிய முதலாவதா, பொருந்திய இரண்டாவதா என்று அளந்து பார்க்க அப்போது வண்டியின் பழைய குழாய் இல்லை; மிஸ்திரி மாற்றிவிட்டார்.

ஆனி 29 காலை மேட்டில் ஏறியபோது அந்தத் தகரம் எஞ்சினில் இருந்ததா, இல்லையா என்பது இன்று வரை உறுதிப்படவில்லை.