பத்துக் குளிசை மிஞ்சும் நாள்

பிள்ளைகளே, இரத்த அழுத்தத்துக்கு அம்மா போடுகிற பிறசர்க் குளிசை இந்த வீட்டில் ஒருநாளும் முடிந்துபோனதில்லை. இதைக் கொஞ்சம் பெருமையோடுதான் எழுதுகிறேன். நான் பெரிதாகப் படித்தவன் இல்லை, தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவன். ஆனாலும் இந்த ஒரு வேலையில் யாரும் என்னிடம் பிழை பிடிக்க ஏலாது.

முன்பு இது உங்கள் வேலை. பள்ளிக்கூடத்தால் வந்ததும் வராததுமாக மூத்தவளின் கையில் ரெலிபோனைக் கொடுத்து, அடுத்த பெட்டிக்கு மருந்து எழுதச் சொல்லி டொக்டரிடம் ஜெர்மனில் பேசவைப்பேன். பிறகு அவள் ஆஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்ய எசன் நகருக்குப் போனாள், சின்னவளும் பேர்லினுக்குப் போய்விட்டாள். டொக்டரின் ரெலிபோனில் சொல்வதைப் பதிந்து வைக்கிற இயந்திரத்தோடு நானே பேசவேண்டி வந்தது.

அம்மாவின் பெயர், பிறந்த திகதி, குளிசையின் பெயர், எத்தனை மில்லிகிராம் எல்லாவற்றையும் ஜெர்மனில் எப்படிச் சொல்வதென்று தமிழ் எழுத்தில் எழுதிக் குளிர்ப்பெட்டியில் ஒட்டினேன். முதல்தரம் நான் பாதி வாசிக்க முன்னமே இயந்திரம் நின்றுவிட்டது. இரண்டாந்தரம் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். இரண்டு நாள் கழித்து மருந்துக்கடையில் அம்மாவின் மருத்துவக் காப்புறுதி அட்டையை நீட்ட, அங்கே நின்ற பெண் டொக்டர் அனுப்பியதைக் கணினியில் பார்த்துவிட்டுப் பெட்டியை எடுத்து வைத்தாள். அன்றைக்கு பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

ஒரு பெட்டியில் நூறு குளிசை, காலையில் ஒன்று. பெட்டி உடைத்த நாளிலிருந்து எண்ணி, பத்து மிஞ்சும் நாளுக்குத் தமிழ்க் கடை நாட்காட்டியில் சிவப்பு வட்டம் போடுவேன். அன்றைக்கு ரெலிபோன் எடுக்கவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருதரம் அந்த அட்டையை டொக்டரிடம் நேரில் கொண்டுபோய்க் காட்டாவிட்டால் மருந்து எழுதமாட்டார்கள். அதற்கு நீல வட்டம்.

போன வருசம் கந்தசஷ்டி முடிந்து சில நாளில் சிவப்பு வட்டம் வந்தது. பெட்டியைத் திறந்தால் பதினாறு குளிசை கிடந்தது. என் கணக்குத்தான் பிழையாக்கும் என்று மூன்று தரம் நாட்காட்டியை விரல் வைத்து எண்ணினேன். பிழை இல்லை. அம்மா பார்த்துச் சிரித்தா.

“தொழிற்சாலையிலை பெட்டி எண்ணினது காணாதெண்டு என்ரை குளிசையையும் எண்ணுறியளோ?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு குளிசை கூட. சஷ்டியும் ஆறு நாள். அந்த நாட்களில் அம்மா தலையிடி என்று நெற்றியில் துணி கட்டிக்கொண்டு, குளிருக்குத்தான் இடிக்கிறது என்று சொன்னது ஞாபகம் வந்தது. விரதத்தில் குளிசையை விட்டீரோ என்று கேட்டேன்.

“விரத நாளிலை விடியவே குளிசையை எப்பிடியப்பா வாயிலை வைக்கிறது? சின்னவளின்ரை சோதினைக்குப் பிடிச்ச விரதமெல்லே.”

ஒருநாளும் விடக்கூடாது என்று டொக்டர் சொன்ன குளிசை அது. ஏசவில்லை. வெளிக்கிடும், டொக்டரிட்டைப் போவம் என்று மட்டும் சொன்னேன்.

அங்கே உங்களில் ஒருவரையும் கூப்பிடாமல், விரதம் என்றால் என்ன என்பதை எனக்குத் தெரிந்த ஜெர்மனில் நானே சொன்னேன். அந்தப் பெண் டொக்டர் அளந்து பார்த்தா. பிறசர் ஏறித்தான் இருந்தது. விரத நாளில் பொழுதுபட என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டா. பாலும் பழமும் என்றேன். அப்படியென்றால் இனி எல்லா நாளும் பொழுதுபடவே போடலாம், விரதத்தில் அந்தப் பாலோடு போடட்டும், ஆனால் விடக்கூடாது என்றா. அம்மா என் பக்கம் திரும்பினா.

“முருகன் குறை நினைக்கமாட்டாரோ?”

“முருகன் நினைக்கமாட்டார். பிள்ளை அறிஞ்சால்தான் ரெண்டு பேருக்கும் ஏச்சு விழும்.”

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று டொக்டர் கேட்க, நாட்காட்டியைப் பற்றிச் சொன்னேன். வீட்டில் இப்படி எண்ணி வைக்கிற ஆட்கள் குறைவு என்றா. அதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லும்போது கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்.

இந்த வருசமும் அம்மா ஆறு நாளும் விரதம் இருந்தா. பின்னேரப் பால் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொரு நாளும் குளிசை இருந்தது. சிவப்பு வட்டம் வந்த அன்று நான் கேட்க முன்னமே பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தா.

“எண்ணுங்கோ.”

பத்து. குளிர்ப்பெட்டியில் ஒட்டிய கடதாசியைப் பார்க்காமலே டொக்டருக்கு ரெலிபோன் எடுத்தேன்.