பியட் காரின் பின் கண்ணாடி

எட்டு மாதத்தில் அர்த்தநாரி வீட்டில் கழற்றாத பொருள் இல்லை. கிணற்று மோட்டாரைக் கழற்றிப் பூட்டினார். முன்பைவிடச் சத்தமாக ஓடியது என்றாலும் ஓடியது. மிக்சியைக் கழற்றினார், அது அதன்பிறகு ஓடவே இல்லை. மாட்டுக்கொட்டகைப் படல் வலது பக்கம் திறந்துகொண்டிருந்ததை இடது பக்கம் திறக்கும்படி மாற்றிக் கட்டினார். பசு இரண்டு நாள் குழம்பிப்போய்ப் பழைய பக்கத்திலேயே முட்டிக்கொண்டு நின்றது. அவருடைய மனைவி சௌந்திரம் எதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மியை எடுத்துக் கழுவி வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் டீ டம்ளரைக் கீழே வைத்த கையோடு அவர் பியட் காரின் பின் கண்ணாடியைக் கழற்ற உட்கார்ந்ததற்கு வெறும் கைத்தினவு மட்டும் காரணம் இல்லை. முந்தின நாள் அவருக்கு ஒரு போன் வந்திருந்தது.

போர்வெல் போடும் ரிக் வண்டியின் மேனேஜர் தமிழரசு பேசினான். வியாழக்கிழமை நாமக்கல்லிலிருந்து வண்டி சத்தீஸ்கருக்குப் புறப்படுகிறது, மெஷினை ஓட்டும் டிரில்லருக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது, இரண்டு மாதம் மட்டும் வந்து நிற்க முடியுமா என்று கேட்டான். அர்த்தநாரி யோசிக்கவே இல்லை, வாரேன் என்று சொல்லிவிட்டார். போனைச் சட்டைப்பையில் போட்ட பிறகுதான், சௌந்திரத்திடம் எப்படிச் சொல்வது என்ற நினைப்பு வந்தது. வெறும் கையோடு சொல்ல முடியாது. ஒன்பது மழைக்காலமாகப் பின் கண்ணாடி ஓரத்தில் தண்ணீர் இறங்கி, பின் சீட்டு நனைந்துகொண்டிருந்தது. சௌந்திரம் சீட்டின்மேல் உரச்சாக்கை விரித்துச் சமாளித்துக்கொண்டிருந்தாள். அந்த ஒழுகலை அடைத்துக் கொடுத்துவிட்டு, அந்த நல்ல நேரத்தில் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டார். நாலு நாள் இருந்தது.

புதுச்சத்திரத்துக்கு மேற்கே இரண்டு கல் தொலைவில் அவர்கள் தோட்டம். பத்தொன்பது வயதில் கூலியாக ரிக்கில் ஏறியவர் அர்த்தநாரி. முப்பத்தாறு வருடம் ஊர் ஊராகப் போர் போட்டார். ஆந்திரா, மகாராஷ்டிரா, ராஜஸ்தான் என்று எங்கெங்கோ கிடந்தார். வடக்கே மழை பிடித்து வேலை நின்றால்தான் வீடு. கல்யாணம், மகள் பிறந்தது, அப்பா செத்தது எல்லாம் அந்த மழை மாதங்களுக்குள் அடங்கினால் அவர் இருந்தார், அடங்காவிட்டால் இல்லை.

ரிக்கில் கம்பிரசர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் பேசுவதும் காதில் விழாது. அதனால் ரிக் ஆட்கள் கையால்தான் பேசுவார்கள். விரலைச் சுழற்றினால் ஓட்டு. கட்டைவிரலை மேலே காட்டினால் பைப்பைத் தூக்கு. உள்ளங்கையை விரித்து முன்னால் நீட்டினால் நிறுத்து. அர்த்தநாரி தூக்கத்திலும் கையைத் தூக்கிக் காட்டுவார் என்று சௌந்திரம் மகளிடம் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சத்தம் அவருடைய காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. போன வருடம் ராஜஸ்தானில், தூக்கிய பைப்பை இறக்கும்போது பின்னாலிருந்து ஒருவன் கத்தியிருக்கிறான். இவருக்குக் கேட்கவில்லை. பைப்பு அவன் பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி இறங்கியது. யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. முதலாளி மட்டும், கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள் என்றார். அந்தக் கொஞ்ச நாள்தான் இந்த எட்டு மாதம்.

காரும் அந்தப் பிழைப்பில் வந்ததுதான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் நாக்பூர்ப் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் நின்ற அறுபத்தேழாம் வருடத்துப் பியட். பார்த்ததும் பிடித்துப்போய் வாங்கி, பைப் லாரியில் பைப்புகளுக்கு நடுவே கயிறு போட்டுக் கட்டி ஊருக்கு அனுப்பினார். வரும்போதெல்லாம் ஓட்டலாம் என்று நினைப்பு. வந்தால்தானே ஓட்டுவதற்கு? பால் வண்டி டிரைவரிடம் கேட்டுக் கேட்டு ஓட்டப் பழகியவள் சௌந்திரம். நாமக்கல்லில் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கினாள். மகளைப் பிரசவத்துக்கு ராசிபுரம் கூட்டிப்போனதும், மாமியாரைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அவள்தான். காகிதத்தில்தான் வண்டி அவருடையது.

பழைய ரப்பர் பாறையாக இறுகிப் போயிருந்தது. கத்தியால் அறுத்து எடுப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. கண்ணாடியைச் சுற்றிப் போர்வையைக் கட்டிக் கட்டிலில் படுக்க வைத்தார். திங்கட்கிழமை சேலத்துக்குப் பஸ் ஏறினார்.

அம்மாபேட்டையில் பிரான்சிஸ் கடையில் எந்தக் காருக்கும் பீடிங் கிடைக்கும். பீடிங் என்பது கண்ணாடியைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் விளிம்பு. பக்கத்துக் கட்டிடத்தில் தறி ஓடிக்கொண்டிருந்ததால் கடையில் எல்லாரும் கத்தித்தான் பேசினார்கள். அதனாலேயே அர்த்தநாரிக்கு அந்த இடம் பிடித்துப்போனது. அங்கே தனக்கு மட்டும் கேட்கவில்லை என்று இல்லை. பிரான்சிஸ் பழைய ரப்பரின் துண்டை வைத்து அளந்து, அதே வாகில் புதியது வெட்டிக் கொடுத்தார். எப்படிப் போடுவது என்று சொல்ல ஆரம்பித்தார். அர்த்தநாரி, ஆயிரம் அடி போர் போட்டவனுக்கு ஒரு ரப்பரா என்கிற மாதிரித் தலையை ஆட்டிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

தப்பு அங்கேதான் நடந்தது. ரிக் ஆட்களுக்கு டீசல்தான் எல்லாம். கை கழுவ டீசல், துருப் பிடித்தால் டீசல், போல்ட் இறுகினால் டீசல். புது ரப்பர் வழவழவென்று ஏறட்டும் என்று ஒரு பேசினில் டீசலை ஊற்றி அதை ஊறப் போட்டுவிட்டார். செவ்வாய்க்கிழமை காலையில் எடுத்துக் கண்ணாடியைச் சுற்றி மாட்டினால் நாலு விரற்கடை மிச்சம் நின்றது. நேற்று அளந்தது தப்போ என்று மிச்சத்தை வெட்டினார். மாட்டினார். ஒரு மூலை உட்கார்ந்தால் எதிர் மூலை பிதுங்கியது. பத்து மணிக்குத் தொடங்கி, வேர்த்து விறுவிறுத்து, ஒரு மணிக்குக் கண்ணாடி மொத்தமாக நழுவி டிக்கியின்மேல் சரிந்தது. தொடையை முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டார். உடைந்திருந்தால் அந்த வருடத்துக் கண்ணாடிக்கு எங்கே போவது?

கொட்டகைப் பக்கம் சாணி அள்ளிக்கொண்டிருந்த சௌந்திரம் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏனுங்க, நானும் ஒரு கை புடிக்கட்டுங்களா?"

வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவள் பிடித்தால் அது அவர் செய்துகொடுத்ததாக ஆகாது. வாசலுக்கும் வண்டிக்குமாக நாலு தடவை நடந்தார். வியாழன், வியாழன் என்று அடித்துக்கொண்டது மனம். சாப்பிடாமலே மறுபடி சேலத்துக்குக் கிளம்பினார்.

பிரான்சிஸ் ரப்பரைக் கையில் வாங்கினார், முகர்ந்தார், கல்லாவில் வைத்துவிட்டு அர்த்தநாரியை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏண்ணா, இது என்ன தீபாவளிப் பலகாரமா, எண்ணெயில போட்டு எடுக்கறதுக்கு?"

"டீசல்ல ஊற வச்சேன்."

"ரிக்கு ஆளா நீங்க?"

"ஆமாங்க."

"அப்பச் செரி. லாரிக்காரன்கூட இதப் பண்ண மாட்டான். டீசல் பட்டா ரப்பர் ஊதிரும்ணா. நேத்து நீங்க நின்னு கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பனே."

பிரான்சிஸ் புதிதாக ஒரு ரப்பரை வெட்டிக் கொடுத்தார். இந்த முறை அர்த்தநாரி நின்று கேட்டார். சோப்புத் தண்ணீர் மட்டும்தான் தொட வேண்டும். ரப்பரைக் கண்ணாடியில் மாட்டி, உள்பக்க மடிப்புக்குள் நைலான் கயிற்றைச் சுற்றிப் பதித்து, இரண்டு நுனியையும் காருக்குள் விட வேண்டும். ஒருவர் வெளியே நின்று கண்ணாடியை அமுக்க, ஒருவர் உள்ளே உட்கார்ந்து கயிற்றை இழுக்க, ரப்பரின் உதடு தகரத்தைத் தாண்டி உள்ளே வந்து விழும். தனி ஆளால் ஆகாது. வெளியே நிற்பவர் உள்ளே இருப்பவர் சொல்கிறபடி கேட்க வேண்டும் என்பதைப் பிரான்சிஸ் இரண்டு தரம் சொன்னார்.

புதன்கிழமை காலையில் வேறு வழியில்லாமல் சௌந்திரத்தைக் கூப்பிட்டார். அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு பின் சீட்டில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். வெளியே அவர். நடுவில் கண்ணாடி.

அவளுக்கு அவசரமே இல்லை. கயிற்றை விரல் அகலம் இழுப்பாள், ரப்பர் எழும்பி வந்ததைத் தடவிப் பார்ப்பாள், பிறகுதான் அடுத்த விரல் அகலம். மேல் பக்கம் முழுவதும் வந்தது. இடது பக்கம் வந்தது. அர்த்தநாரிக்கு நிலைகொள்ளவில்லை. இன்னும் துணிமணி எடுத்து வைக்கவில்லை, பூட்ஸ் பரண்மேல் கிடக்கிறது, அதற்கெல்லாம் முன்னால் விஷயத்தைச் சொல்ல வேண்டும். கீழ் வலது மூலையில் ரப்பர் முரண்டு பிடித்தது. உள்ளங்கை அடியால் ஒரு குத்து விட்டார். உள்ளே சௌந்திரத்தின் வாய் அசைந்தது. அமுக்கச் சொல்கிறாள் என்று நினைத்து இன்னொரு குத்து விட்டார். மறுபடி வாய் அசைந்தது. மூன்றாவது குத்துக்குக் கையை ஓங்கினார்.

கண்ணாடிக்கு அந்தப்புறம் அவளுடைய இடது கை எழுந்தது. உள்ளங்கையை விரித்து நேராக முன்னால் நீட்டினாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. முப்பத்தாறு வருடத்தில் அந்தச் சைகைக்கு அவர் ஒரு தடவையும் நிற்காமல் இருந்ததில்லை. அப்போதுதான் அவளுடைய வலது கையைப் பார்த்தார். இரண்டு விரல் ரப்பருக்கும் தகரத்துக்கும் நடுவே மாட்டியிருந்தது.

கண்ணாடியை வெளிப்பக்கம் நெம்பி விரலை விடுவித்தார்கள். நகம் நீலமாகிவிட்டது. அவர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற, அவள் விரலை நனைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

"கத்துனேனுங்க."

"எனக்குக் கேக்கல."

"தெரியும். கண்ணுக்கு நேரா இருந்தும் தெரியலையே, அதான் கையக் காட்டுனேன்."

சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரையும் விரல்மேல் ஊற்றினார். பிறகு, அந்தக் கை காட்டுவது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"தூக்கத்துல அதத்தானுங்களே பேசறீங்க. ஒரு நா விரலச் சுத்துவீங்க, ஒரு நா கட்டைவிரலு. நிறுத்துன்னு காட்டறப்ப மட்டும் ஒடம்பே தூக்கிப்போடும். இந்த எட்டு மாசமா அதேதான்."

அவர் சொம்பைக் கீழே வைத்தார். வியாழக்கிழமை வண்டி கிளம்புது என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே.

"சனிக்கெழமையே தெரியுமுங்க. தென்ன மரத்தடிக்குப் போய்ப் பேசுனா ரகசியமா? ஸ்பீக்கர்ல போட்டு நீங்க பேசுனது, பக்கத்துத் தோட்டத்துச் செல்லியம்மா வரைக்கும் கேட்டுப்போட்டு, அண்ணன் மறுபடி கெளம்பறாராமேன்னு என்னைய வந்து கேக்கறா."

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல நீ?"

"நீங்க சொல்லுவீங்கன்னுதான். போகோணும்னா போங்க. நான் என்னைக்கு வேண்டாம்னேன்? பழகுனதுதான எனக்கு." விரலை உயர்த்திப் பார்த்தாள். "அங்க பைப்புக்குக் கீழ நிக்கறவனும் ஒருத்திக்குப் புருசன்தானுங்களே. அத மட்டும் நெனச்சுக்கங்க."

இதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. எழுந்துபோய், வீங்கிய விரலை மடக்காமலே மறுபடி பின் சீட்டில் மண்டியிட்டாள். மீதி மூலையை அவள் கை காட்டியபடி செய்தார்கள். விரலைச் சுழற்றினால் அமுக்கினார், உள்ளங்கையை நீட்டினால் நின்றார். அரை மணி நேரத்தில் கயிறு முழுதாக வெளியே வந்தது. கண்ணாடி பொருந்தி உட்கார்ந்துகொண்டது. குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்துப் பார்த்தார்கள், ஒரு சொட்டு இறங்கவில்லை.

சாப்பிட்ட பிறகு அர்த்தநாரி போனை எடுத்துக்கொண்டு தென்னை மரத்தடிக்குப் போகாமல் வாசலிலேயே நின்று ஸ்பீக்கரைப் போட்டார்.

"தமிழு, நான் வல்லப்பா. வேற ஆளப் பாத்துக்க."

"ஏங்கண்ணா, ஊட்ல ஏதாச்சும்ங்களா?"

"ஊட்ல ஒண்ணுமில்ல. எனக்குக் காது கேக்கறதில்ல."

யாரிடமும் அவர் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. தமிழரசு சிரித்தான். ரிக்கில் யாருக்குத்தான் காது கேட்கிறது, கை காட்டினால் பார்த்து ஓட்டுகிறோம், அவ்வளவுதானே என்றான்.

"எதுக்கால நிக்கறவன் கை காட்டுவான் சாமி. பின்னால நிக்கறவன் என்ன பண்ணுவான்?"

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. கடைசியில், செரிங்கண்ணா, உடம்பப் பாத்துக்கங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

வியாழக்கிழமை விடியும்போதே அர்த்தநாரி மூன்று தடவை வெளியே போய்விட்டு வந்தார். பூட்ஸைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து, திரும்பப் பரணிலேயே வைத்தார். மணி எட்டானது. இந்நேரம் வண்டி நாமக்கல்லைத் தாண்டியிருக்கும். தூறல் போட்டது. முன் கண்ணாடி ரப்பரும் கொஞ்சம் இறுகித்தான் இருக்கிறது என்று அதை நகத்தால் கீறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் சௌந்திரம் அடுப்பை அணைத்துவிட்டுச் சாவியோடு வந்தாள்.

"அதுல கை வைக்காதீங்க. பின்னால ஏறுங்க. ஓடறப்பத் தண்ணி எறங்குதான்னு பாக்கோணுமில்ல."

பின் சீட்டில் உரச்சாக்கு இல்லை. திரும்பி உட்கார்ந்து ரப்பர் விளிம்பில் விரலை வைத்துக்கொண்டார். புதுச்சத்திரத்தில் சேலம் ரோட்டில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் சௌந்திரம் முன்னால் கையைக் காட்டினாள். முன்னால் போன வண்டியின்மேல் படுத்துக் கிடந்த இரும்புக் கோபுரத்தை வைத்தே அது தமிழரசின் ரிக் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ரிக்கும் பைப் லாரியும் ஒன்றன்பின் ஒன்றாக, பாரத்தோடு நிதானமாகப் போய்க்கொண்டிருந்தன. சௌந்திரம் அதன் பின்னாலேயே போவாள் என்று நினைத்தார். அவள் ஹாரனை அடித்துக்கொண்டு வலப்பக்கம் ஏறி இரண்டையும் தாண்டினாள்.

பின் கண்ணாடி முழுக்க ரிக் நின்றது. மழைநீர் அதன்மேல் கோடு கோடாக வழிந்தது. டிரைவருக்குப் பக்கத்தில் தமிழரசு உட்கார்ந்திருந்தது தெரிந்தது. அர்த்தநாரி விரலைத் தூக்கிச் சுழற்றிக் காட்டினார், ஓட்டு என்று. அவன் பார்த்தானோ இல்லையோ, விளக்கு ஒரு தடவை எரிந்து அணைந்தது. அப்புறம் வண்டி சிறிதாகிக்கொண்டே போய், வளைவில் மறைந்தது. விளிம்பில் வைத்திருந்த விரலை எடுத்துப் பார்த்தார், ஈரம் இல்லை.

ஆண்டகளூர் கேட் வந்தது. திரும்பலாமா என்று கேட்டார். சௌந்திரம் ஏதோ சொன்னாள், எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு காதை அவள் பக்கம் கொண்டுபோனார்.

"இன்னும் கொஞ்சத் தூரம் போலாமுங்க," என்றாள் அவள், நீல நகம் பட்டுவிடாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. "இந்த ரோட்டுல மல்லூருக்கு அந்தப் பக்கம் நான் ஓட்டுனதே இல்ல."